பழைய வீடும் புதிய கூடமும்



குடும்பம் பெருகினால் வீடும் பெருக வேண்டும். மகனுக்குத் திருமணம் முடிந்ததும், வீட்டின் பின்புறத்தில் நான்கு கம்பம் நட்டு, பலகை அடித்து, தகரம் போட்டு, ஓர் அறையை இழுத்துக் கட்டுவது நம் மக்களுக்குப் பழக்கமான வேலை. அப்படிக் கட்டிய வீட்டில் மழை பெய்தால் எந்த இடம் முதலில் ஒழுகும்? பழைய கூரையும் புதிய கூரையும் சேருகின்ற இடம்தான். கல் சுவராக இருந்தால், சில ஆண்டுகள் சென்றபின் விரிசல் எங்கே விடும்? பழைய சுவரும் புதிய சுவரும் ஒட்டுகின்ற இடத்தில்தான். பழைய சுவரின் அடியில் உள்ள மண் பல ஆண்டுகளாக அமுங்கி இறுகிவிட்டது. புதிய சுவரின் அடிமண் இப்போதுதான் அமுங்கத் தொடங்குகிறது. ஒன்று நிற்க, மற்றொன்று இறங்க, நடுவே வெடிப்பு உண்டாகிறது.

நம் வீட்டில் இப்படி நேர்ந்தால் பூசி மெழுகிச் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வீடு நூறு ஆண்டுப் பழமையுள்ள மாளிகையாக இருந்தால்? அதன் சுவர்களில் விலைமதிக்க முடியாத ஓவியங்கள் தொங்கிக்கொண்டிருந்தால்? அதைப் பெரிதாக்குவது எப்படி? பெரிதாக்கலாமா, கூடாதா? இதுவே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

ஒருவர் குடியிருந்த வீடு பிற்காலத்தில் கலைக்கூடம் ஆவது நம் நாட்டிலும் நடந்ததுதான். கோலாலம்பூரில், அம்பாங் சாலை 109ஆம் எண்ணில் ஒரு மாளிகை இருக்கிறது. ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் வைத்திருந்த இயூ தோங் சென் என்ற சீனச் செல்வந்தருக்காக 1935ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட வீடு அது. 1958ஆம் ஆண்டில் நம் தேசியக் கலைக்கூடம் அந்த வீட்டில்தான் தொடங்கியது. பின்னர் இடம் போதாமல், 1984ஆம் ஆண்டில் பழைய மெஜஸ்டிக் ஹோட்டல் கட்டடத்துக்குச் சென்றது. 1998ஆம் ஆண்டில்தான் அதற்கென்று சொந்தக் கட்டடம் கிடைத்தது. நம் கலைக்கூடம் இடம் போதாதபோது வீட்டை விட்டு வெளியேறியது. வெளியேற முடியாத கலைக்கூடங்களும் உலகில் உண்டு. அவற்றில் வீடு வேறு, கலைச்செல்வம் வேறு என்று பிரிக்க முடியாது. வீடே முதல் காட்சிப் பொருள். அத்தகைய வீடு ஒன்றின் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் இசபெல்லா ஸ்டுவர்ட் கார்ட்னர் என்ற அம்மையார் வாழ்ந்தார். 1840ஆம் ஆண்டில் பிறந்தவர். செல்வக் குடும்பம். ஆனால் செல்வம் துன்பத்தைத் தடுக்குமா? அவருடைய ஒரே மகன் இரண்டு வயது நிரம்புமுன் 1865ஆம் ஆண்டில் இறந்துவிட்டான். அந்தத் துயரத்தை ஆற்றிக்கொள்ளக் கணவரோடு நாடு நாடாகப் பயணம் செய்தார். போன இடங்களில் எல்லாம் ஓவியங்கள், சிலைகள், திரைச்சீலைகள், பழைய கல் தூண்கள், சாளரங்கள் என்று வாங்கிச் சேர்த்தார். வைப்பதற்கு வீட்டில் இடமில்லை. கணவரும் மனைவியுமாக ஒரு கலைக்கூடம் கட்டத் திட்டமிட்டார்கள். 1898ஆம் ஆண்டில் கணவர் இறந்தார். அம்மையார் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. மறு ஆண்டே, சதுப்பு நிலத்தைத் தூர்த்து உண்டாக்கிய ஒரு பகுதியில் முளைகளை அடித்து அடித்தளம் போட வைத்தார்.

இத்தாலி நாட்டு வெனிஸ் நகரத்து மாளிகைகளைப் போன்ற நான்கு மாடிக் கட்டடம். நடுவில் கண்ணாடிக் கூரை போட்ட முற்றம். முற்றத்தில் செடிகொடிகள், பூக்கள். முற்றத்தைச் சுற்றி அறைகள். நம் ஊர்களில் செட்டிநாட்டு வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு நடுமுற்றம் என்றால் விளங்கும். வில்லர்ட் சியர்ஸ் என்பவர் கட்டடக் கலைஞராக இருந்தாலும், எந்தக் கல் எங்கே வர வேண்டும் என்று சொன்னவர் அம்மையார்தான். சுவருக்கு எப்படி வண்ணம் பூச வேண்டும் என்று தாமே ஏணியில் ஏறிப் பூசிக் காட்டினார் என்பார்கள். 1903ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இரவில் இசைக் கச்சேரியோடு திறப்பு விழா நடந்தது. நான்காம் மாடியில் அம்மையார் குடியிருந்தார். கீழ் மாடிகளைப் பொதுமக்கள் வந்து பார்த்தார்கள்.

1924ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் எழுதி வைத்த உயில்தான் நம் கதைக்கு முடிச்சு. கலைக்கூடம் பொதுமக்களின் கல்விக்கும் மகிழ்ச்சிக்கும் என்றென்றும் பயன்பட வேண்டும் என்று எழுதினார். அதே உயிலில், தாம் அடுக்கி வைத்த பொருள்களின் அமைப்பைக் குறிப்பிடத்தக்க வகையில் மாற்றக் கூடாது என்றும், மாற்றினால் எல்லாவற்றையும் விற்று அந்தப் பணத்தை ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தார்.

அந்த நிபந்தனையின் வலிமையை ஒரு நிகழ்ச்சி உலகத்துக்கே காட்டியது. 1990ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், பொழுது விடியுமுன், போலீஸ் உடை அணிந்த இருவர் உள்ளே நுழைந்து, காவலாளிகளைக் கட்டிப்போட்டு, 13 கலைப்பொருள்களைக் கொள்ளையிட்டுச் சென்றார்கள். புயலில் சிக்கிய படகில் ஏசுநாதரும் சீடர்களும் இருப்பதுபோல் ரெம்பிராண்ட் வரைந்த கடல் ஓவியமும், அம்மையார் 1892ஆம் ஆண்டில் பாரிஸ் ஏலத்தில் எடுத்த வெர்மீர் ஓவியமும் அவற்றுள் அடங்கும். துப்புக் கொடுப்பவருக்கு 10 மில்லியன் அமெரிக்க வெள்ளி பரிசு என்று அறிவித்தும் அவை திரும்பவில்லை. பெரிய ஓவியங்களைச் சட்டத்திலிருந்து அறுத்து எடுத்துப் போனார்கள். வேறு ஓவியத்தை அந்த இடத்தில் மாட்டலாம் அல்லவா? மாட்டவில்லை. வெறும் சட்டங்களே அந்தச் சுவரில் தொங்குகின்றன.

அப்படி ஒரு சட்டத்தைக்கூட இடம் மாற்றத் தயங்கும் வீட்டில் புதிய கட்டடம் சேர்க்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது?

ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய வீட்டில் நாளெல்லாம் கூட்டம் நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வருகின்றவர்களுக்குச் சீட்டுக் கொடுக்க இடம் வேண்டும், குளிர் நாடாகையால் மேலங்கியைக் கழற்றி வைக்க இடம் வேண்டும், கழிவறை வேண்டும், நடக்க முடியாதவர்களுக்கு மின்தூக்கி வேண்டும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட அறை வேண்டும், பழுதான பொருளைச் செப்பனிடப் பட்டறை வேண்டும். இவற்றை எல்லாம் பழைய வீட்டுக்குள்ளேயே திணித்தால் வீடு மெல்ல மெல்லச் சாகும். கூட்டம் வந்தால் வெப்பமும் வரும். மூச்சுக் காற்றின் ஈரமும் மழையில் நனைந்த உடையின் ஈரமும் வரும். ஈரம் ஏறினால் மரம் உப்பும், இறங்கினால் சுருங்கும். மரப்பலகையில் வரைந்த ஓவியத்தில் வண்ணம் செதிலாக உதிரும். நூற்றாண்டுகள் கடந்த துணி நைந்துபோகும்.

கார்ட்னர் வீட்டில் இசைக் கச்சேரிகள் நடக்கும். எங்கே? பழம்பெரும் திரைச்சீலைகள் தொங்குகின்ற அறையிலேயே. கச்சேரிக்கு வருகின்றவர்களுக்காக அங்கே நாற்காலி போட வேண்டியிருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், முதலில் அந்த வீட்டில் தனியாகவே ஓர் இசை மண்டபம் இருந்தது. 1914ஆம் ஆண்டில் அம்மையாரே அதை இடித்துவிட்டு, மேலே திரைச்சீலை அறையும் கீழே வேறு கூடங்களும் கட்டினார். ஒன்றையும் மாற்றாதீர்கள் என்று எழுதி வைத்தவர், தாம் வாழ்ந்த காலத்தில் தயங்காமல் மாற்றியவர்தான். வாழ்கின்றவர் கையில் வீடு வளர்கிறது. அவர் போனபின் நிலைத்துவிடுகிறது.

இப்போது நிர்வாகத்தாருக்கு ஒரு தர்மசங்கடம். உயிலில் உள்ள ஒரு சொல், மாற்றாதே என்கிறது. இன்னொரு சொல், மக்களுக்கு என்றென்றும் பயன்படச் செய் என்கிறது. மாற்றாமலே விட்டால் பயன்பாடே வீட்டைத் தேய்த்துவிடும். என்ன செய்வது?

பழைய வீட்டின் பின்புறத்தில் தனியாக ஒரு புதிய கட்டடம் கட்டி, கூட்டத்தின் பாரம் முழுவதையும் அதில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தார்கள். நுழைவாயிலே இனிப் புதிய கட்டடத்தில்தான். இதற்கு உயிலின் நிபந்தனை குறுக்கே நின்றதால் நீதிமன்றத்தை நாடினார்கள். 2009ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் அனுமதி அளித்தது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ புதிய கட்டடத்தை வடிவமைத்தார். ஏறத்தாழ 70,000 சதுர அடிப் பரப்பு. செலவு 100 மில்லியன் அமெரிக்க வெள்ளிக்கும் மேல். 2012ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்டது.

பியானோ செய்ததைக் கவனியுங்கள். புதிய கட்டடத்தைப் பழைய மாளிகையின் சுவரோடு ஒட்டவில்லை. இடைவெளி விட்டுத் தள்ளி நிறுத்தினார். இரண்டையும் ஒரு கண்ணாடி நடைபாதையால் மட்டும் இணைத்தார். அந்தக் கண்ணாடிப் பாதையில் நடக்கும்போது இருபுறமும் மரஞ்செடி தெரியும். நாம் புதிய காலத்திலிருந்து பழைய காலத்துக்கு நடக்கிறோம் என்பது தானாகவே விளங்கும். புதிய கட்டடத்துக்கு வெனிஸ் மாளிகை வேடம் போடவில்லை. கீழ்த்தளம் முழுவதும் கண்ணாடி. மேலே பச்சை நிறம் ஏறிய செம்புத் தகடு. பார்த்தவுடனே இது புதியது, அது பழையது என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும்.

கச்சேரிக்கு 296 பேர் அமரும் தனி மண்டபம் வந்தது. நடுவில் இசைப்பவர்கள், நான்கு பக்கமும் கேட்பவர்கள், மேலே மூன்று அடுக்கு மாடங்கள். அம்மையார் 1914ஆம் ஆண்டில் இடித்த இசை மண்டபம் ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து வேறு உருவத்தில் திரும்பி வந்தது என்றே சொல்லலாம். நாற்காலிகள் வெளியேறியதும் திரைச்சீலை அறையைச் செப்பனிட்டு, பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள்.

எல்லாரும் இதை வாழ்த்தினார்களா? இல்லை. புதிய கட்டடத்துக்கு இடம் வேண்டி, அம்மையார் காலத்தில் கட்டிய குதிரைவண்டிக் கொட்டகையை இடித்துவிட்டார்கள். பழமையைப் போற்றுகின்ற பலர் எதிர்த்தார்கள். மாளிகையைக் காக்கிறோம் என்று சொல்லி, அவர் கட்டிய மற்றொன்றை அழிப்பது என்ன நியாயம் என்று கேட்டார்கள். இன்னும் சிலர், முன்பு தெருவிலிருந்து நேரே இருண்ட வாசலில் நுழைந்து, திடீரென்று ஒளி நிறைந்த முற்றத்தைக் காண்கின்ற வியப்பு போய்விட்டதே என்று வருந்தினார்கள். இந்தக் குறைகள் பொய்யல்ல. புதியது வந்தால் ஏதோ ஒன்று போகத்தான் செய்கிறது.

வேறு இடங்களில் வேறு வழிகளைக் கையாண்டிருக்கிறார்கள். நியூயார்க் நகரத்தில் ஹென்றி கிளே பிரிக் என்ற எஃகுத் தொழில் முதலாளியின் மாளிகை கலைக்கூடமாகி 1935ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அப்போது ஜான் ரசல் போப் என்ற கட்டடக் கலைஞர் புதிய கூடங்களைச் சேர்த்தார். எது பழையது, எது புதியது என்று தெரியாதபடி அதே பாணியில் சேர்த்தார். முன்பு வண்டிகள் வந்து நின்ற திறந்தவெளியைக் கூரையிட்ட நடுமுற்றமாக்கினார். பார்க்க அழகுதான். ஆனால் பிரிக் வாழ்ந்த வீடு எங்கே முடிகிறது என்று வருகின்றவருக்குத் தெரியாது.

அதே பிரிக் மாளிகையில் 2014ஆம் ஆண்டில் மீண்டும் விரிவாக்கத் திட்டம் வந்தது. 1977ஆம் ஆண்டில் ரசல் பேஜ் என்ற ஆங்கிலேயர் அமைத்த சிறு தோட்டத்தை எடுத்துவிட்டு, அங்கே உயரமான கட்டடம் எழுப்புவதாகச் சொன்னார்கள். நகரமே கொதித்தது. ஒரு சிறு தோட்டந்தானே என்று மக்கள் விட்டுவிடவில்லை. 2015ஆம் ஆண்டில் திட்டம் கைவிடப்பட்டது. பிறகு அனபெல் செல்டார்ப் என்ற பெண் கட்டடக் கலைஞர் வேறு திட்டம் வகுத்தார். தோட்டத்தைக் காப்பாற்றினார், அதற்கு அடியில் பூமிக்குள் ஒரு மண்டபம் அமைத்தார். 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் மாளிகை மீண்டும் திறக்கப்பட்டபோது, பிரிக் குடும்பத்தார் வாழ்ந்த மாடி அறைகளைப் பொதுமக்கள் முதன்முறையாகப் பார்த்தார்கள். ஆனால் அங்கேயும் ஓர் இழப்பு உண்டு. பலர் விரும்பிய பழைய வட்ட வடிவ இசை அறை, காட்சிக்கூடத்துக்காகப் போய்விட்டது.

டென்மார்க் நாட்டுக் கடற்கரையில் லூசியானா என்று ஒரு கலைக்கூடம் உண்டு. 1855ஆம் ஆண்டில் கட்டிய ஒரு வீடு அதன் தொடக்கம். அதைக் கட்டியவர் மூன்று முறை மணந்தார்; மூன்று மனைவியர் பெயரும் லூயிஸ்! அதனால் வீட்டுக்கு லூசியானா என்று பெயர். 1958ஆம் ஆண்டில் கலைக்கூடமானது. புதிய கூடங்கள் மரங்களுக்கிடையே தாழ்வாக, கண்ணாடி நடைபாதைகளாக வளைந்து செல்கின்றன. ஒரேயடியாகக் கட்டாமல் 1991ஆம் ஆண்டு வரை சிறிது சிறிதாக வளர்த்தார்கள். பாஸ்டனில் நுழைவாயிலைப் புதிய கட்டடத்துக்கு மாற்றினார்கள். இங்கேயோ பழைய வீட்டு வாசலில் நுழைந்துதான் புதிய கூடங்களுக்குப் போக வேண்டும். விருந்தினரைப் பெரியவர் வாசலில் நின்று வரவேற்பதுபோல, பழைய வீடு முன்னே நிற்கிறது.

நேயர்களே, இந்த மூன்று வீடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். பழையதைத் தொடவே கூடாது என்பதும் சரியல்ல. இடம் போதவில்லை என்று இடித்துத் தள்ளுவதும் சரியல்ல. புதியது பழையதன் பாரத்தை இறக்கி வைக்க வருகிறதா, அல்லது பழையதன் தோளில் ஏறி உட்கார வருகிறதா என்பதே கேள்வி. பாரத்தை இறக்க வருகின்ற புதியது, வயதான தாயின் கையிலிருந்து தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொள்ளும் மகளைப் போன்றது. தாயின் சேலையை வாங்கி உடுத்திக்கொண்டு, நானும் கிழவி என்று அவள் நடிக்க வேண்டியதில்லை.

இது பணக்காரர்களின் மாளிகைக்கு மட்டும் உரிய பேச்சல்ல. தோட்டங்களில் நம் முன்னோர் கட்டிய சிறு கோயில்கள் உண்டு. பழைய பலகைப் பள்ளிக்கூடங்கள் உண்டு. திருவிழாக் கூட்டம் பெருகினால் மண்டபம் வேண்டும். பிள்ளைகள் பெருகினால் வகுப்பறை வேண்டும். அப்போது நம்மில் பலர் முதலில் தேடுவது கடப்பாரையை. பழையதை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவதையே முன்னேற்றம் என்று எண்ணுகிறோம்.

அடுத்த முறை கூட்டம் கூடி முடிவு செய்யும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதில் எதை இழந்தால் மறுபடி உண்டாக்க முடியாது? அதைத் தொடாமல், பக்கத்திலோ பின்னாலோ தள்ளிக் கட்ட முடியுமா? இடித்துத்தான் ஆக வேண்டும் என்றால், அதில் வணங்கியவர்களையும் படித்தவர்களையும் கேட்டோமா? இந்தக் கேள்விகளுக்குப் பின்னும் இடிக்க நேர்ந்தால், முதலில் படம் பிடியுங்கள். நீள அகலம் அளந்து எழுதுங்கள். எந்த ஆண்டு, யார் கட்டியது என்று பெரியவர்களைக் கேட்டுக் குறித்து வையுங்கள். ஒரு தூணையோ, ஒரு கதவையோ, பழைய பெயர்ப் பலகையையோ புதிய கட்டடத்தில் இடம் கொடுத்து வையுங்கள். இவற்றுக்கு மில்லியன் வெள்ளி தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

கார்ட்னர் மாளிகையில் ஓர் இனிய வழக்கம் உண்டு. இசபெல்லா என்று பெயர் கொண்டவர் யார் வந்தாலும் அவருக்குக் கட்டணம் இல்லை. கட்டியவர் மறைந்து நூறு ஆண்டு கடந்த பின்னும் அவர் பெயருக்கு அந்த வாசல் திறக்கிறது. கோயிலையும் பள்ளியையும் நமக்குக் கட்டிக் கொடுத்த நம் முன்னோரின் பெயர்களும் அந்தச் சுவர்களில்தான் இருக்கின்றன. அவை அழியுமுன் எழுதி வைப்போம்.